செபஸ்தியம்மா "இடமில்லை" என்று சொன்ன நாள்

அத்தியாயம் 14

செபஸ்தியம்மாவுக்கும் அவளுடைய சம்பந்தி பாவிலுவுக்கும் இடையிலுள்ள பகை, வாராவாரம் இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாததல்ல. இன்றைக்குத்தான் படலையைத் திறந்து வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து சனமெல்லாம் தலைமன்னார்க் கரையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. பாவிலுவும் தன் வள்ளத்தில் ஆட்களை ஏற்றினார். புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்த செபஸ்தியம்மா, மகன் யேசுதாசனின் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று கெஞ்சினாள். பாவிலு துடுப்பை நீட்டித் தாயையும் மகனையும் தள்ளிவிட்டார்.

"இடமில்லை. இன்னொராள் ஏறினா எல்லாரும் போயிடுவம்" என்றார்.

மறுநாள் வேறொருவருடைய வள்ளத்தில், வலைக்குவியலுக்கு மேல் குந்தியிருந்து இருவரும் அக்கரை சேர்ந்தார்கள். அந்த வள்ளமும் நிறைந்து வழிந்ததுதான். ஆனால் அந்த மனிதர் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். கால் நனையக் கடல் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்த அந்தப் பயணத்தில் செபஸ்தியம்மா மடுமாதாவுக்கு ஒரு நேத்தி வைத்தாள். ஏறக் கேட்ட எவருக்கும் என் வாயால் இடமில்லை என்று சொல்லமாட்டேன் தாயே என்பதுதான் அந்த நேத்தி. அப்போது அவளிடம் ஒரு சைக்கிள்கூட இல்லை.

பிறகு ஊர் திரும்பினார்கள், யேசுதாசன் வளர்ந்தான், மன்னார்த்தீவில் வேறு பெட்டைகளே இல்லாததுபோல் பாவிலுவின் மகள் இமெல்டாவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். கட்டியும் வைத்தார்கள். மருமகளைப் பொறுத்தவரை செபஸ்தியம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் தங்கம். அந்தத் தங்கத்தை எடுத்த சுரங்கம்தான் ஆகாது.

சென்ற வாரம், ஆவணித் திருநாளுக்கு மடுமாதா கோயிலடியில் தங்க இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்துக் கொட்டில் போட்டிருப்பதாகப் பாவிலு ஆள்விட்டுச் சொன்னார் அல்லவா? செபஸ்தியம்மா கூரைக்கு விரிக்கிற தன்னுடைய தறப்பாளைத் தானே எடுத்துச் சுருட்டிக் கட்டினாள். அந்த மனிசனுடைய கூரைக்குக் கீழே ஒரு நாளும் படுக்கமாட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

இன்று விடிந்ததும் தாழ்வுபாட்டில் செபஸ்தியம்மா வீட்டு வாசலில், மடுவுக்குப் போகப் பாதி ஊர் நின்றது.

சமாதானம் வந்து பாதை திறந்த பிறகு யேசுதாசன் மீன் ஏற்றுவதற்கென்று ஒரு பழைய பிக்கப் வாங்கியிருந்தான். அதன் கதவில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது. செபஸ்தியம்மா அதன்மேல் மடுமாதாவின் படத்தை ஒட்டிவிட்டாள். வேறெங்கே ஒட்டினாலும் மீன்தண்ணி படும் என்பது அவள் சொன்ன நியாயம். இப்போது அந்த மாதாவின் பார்வையில் அரிசி மூட்டை ஏறியது, சமையல் கிடாரம் ஏறியது, விறகுக் கட்டு, தண்ணீர் பரல், தறப்பாள், அதற்கான கம்புகள் எல்லாம் ஏறின. அவற்றுக்கு மேல் ஆட்கள் ஏறினார்கள். அரசாங்கக் கந்தோர் வேலையிலிருந்து இளைப்பாறிய கனகரத்தினம், இடுப்பு நாரி வலிக்காரன் நிலத்தில் இருக்கமாட்டேன் என்று தன் சாய்மனைக் கதிரையையும் தூக்கிக்கொண்டு வந்தார். அதுவும் ஏறியது.

யேசுதாசன் பின் சில்லுகளைக் குனிந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான். ஒரு பக்கம் தாய், மறுபக்கம் மனைவி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவனைப் பார்த்துச் சொன்னதுதான்.

போன மாதம்தான் பின்பக்கம் படியாமல் இருக்க மேலதிகமாக இரண்டு ஸ்பிறிங் தகடு போட்டிருப்பதாகவும், வண்டி தாங்கும் என்றும் அவன் இமெல்டாவிடம் மெதுவாகச் சொன்னான்.

"தகடு கூட்டினாப்போல பிறேக்கும் கூடுமே?" என்று அவள் கேட்டாள்.

செபஸ்தியம்மாவுக்குக் கேட்டது, ஆனால் கேட்காததுபோல் முன்சீற்றில் ஏறி இருந்துகொண்டாள். பாவிலுவின் மகள் வேறெப்படிப் பேசுவாள் என்று நினைத்தாள். நினைத்த உடனே அந்தப் பிள்ளைக்கு இருக்க இடம் போதுமா என்று நகர்ந்தும் கொடுத்தாள். அவளுடைய கோபம் எப்போதும் அப்படித்தான், ஒரு கையால் அடித்து மறுகையால் தடவிக்கொடுக்கும்.

பாலம் தாண்டி முதல் சோதனையில் எல்லோரும் இறங்கி நடக்கவேண்டியிருந்தது. சனம் இறங்க இறங்க வண்டி ஒரு முழம் மேலே எழும்பியது. திரும்ப ஏற ஏறக் கீழே போனது. நின்ற சிங்கள ஆமிக்காரப் பொடியன் ரயரைச் சப்பாத்தால் தட்டிப் பார்த்து, "அம்மே, பர வெடியி" என்றான். பாரம் கூடிப்போச்சு என்கிறான் என்று கனகரத்தினம் விளங்கப்படுத்தினார். செபஸ்தியம்மா கதவில் இருந்த படத்தைக் காட்டி, "மடு, மடு" என்றாள். பொடியன் தொப்பியைக் கழற்றி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வழிவிட்டான். அவனும் வேதக்காரன்தான் போலிருக்கிறது. ஒரு தாய் பெற்ற பிள்ளை, இங்கே வந்து வெயிலில் காய்கிறான் என்று அவளுக்கு இரக்கமாக இருந்தது. அவன் சொன்னதை மட்டும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த பக்கத்தில் இயக்கத்தின் சோதனையும் முடிந்து, கட்டுக்கரைக் குளத்துக்குக் கிட்ட வந்தபோதுதான் அவள் மகனுடைய கைகளைக் கவனித்தாள். அவன் ஸ்டியறிங்கைத் திருப்பினால் வண்டி உடனே கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. பின்பக்கத்துப் பாரம் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டது, முன்சில்லு நிலத்தில் சரியாகப் பிடிக்கவில்லை என்று இமெல்டா தாழ்ந்த குரலில் சொன்னாள். வாகனம் ஓடும்போது பாட்டுப் பாடுகிற யேசுதாசன் இன்று பாடவில்லை. அவன் கழுத்தால் வேர்வை ஓடியது. றோட்டுத்தான் சரியில்லை என்று செபஸ்தியம்மா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

குளத்துக் கட்டை நோக்கி றோட்டு ஏறுகிற இடத்தில், வாய்க்கால் ஓரமாக இரண்டு பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பெரியசாமியும் அவர் மனைவி பாலம்மாவும். மலைநாட்டிலிருந்து கலவரத்தில் ஓடிவந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். நெல் வெட்டுக் காலத்தில் செபஸ்தியம்மா இந்தப் பக்கம் வந்துபோகையில் அவளிடம் கருவாடு வாங்கிய பழக்கம். சைவச் சாமி கும்பிடுகிற குடும்பம்தான், ஆனாலும் மடுமாதாவுக்கு வருஷம் தவறாமல் போகிறவர்கள். இந்த முறை முதல் விளைச்சலில் ஒரு மூட்டை அரிசி நேர்ந்து, அதைத் தோளில் மாறி மாறிச் சுமந்து நடந்துகொண்டிருந்தார்கள்.

"நிப்பாட்டு தம்பி" என்றாள் செபஸ்தியம்மா.

"அம்மா, ஏத்தம். மேல போய் நிப்பாட்டுறன்."

"அந்த மனிசன் மூட்டையோட எப்பிடி மேல வரும்? நிப்பாட்டு."

நிறுத்தினான். தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை என்று ஊர் அவனைப் புகழும். இன்றைக்கு ஒரு தடவை தட்டியிருக்கலாம்.

பாலம்மாவைக் கைகொடுத்து மேலே ஏற்றினார்கள். பெரியசாமி மூட்டையைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது, பிறேக் பிடிக்காதோ என்ற பயத்தில் யேசுதாசன் வண்டியை முன்னுக்கு எடுக்கப் பார்த்தான். எஞ்ஜின் உறுமியது, இருமியது, நின்றுவிட்டது. செபஸ்தியம்மாவுக்கு முன்கண்ணாடியில் றோட்டு இல்லை, வெறும் வானம்தான் தெரிந்தது. அந்த வானம் மெல்ல விலகிப் போனது. வண்டி பின்னால் உருளுகிறது என்று விளங்க அவளுக்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது. யேசுதாசன் எழும்பி நின்றே பிறேக்கை மிதித்தான். அது தரைமட்டும் போய் அப்படியே கிடந்தது.

பின்னால் சனம் ஓலமிட்டது. சாய்மனைக் கதிரை விழுந்து உருண்டது. ஒரு பக்கம் கருங்கல் கட்டு, மறுபக்கம் தண்ணீர் நிறைந்த வாய்க்கால். இமெல்டா ஒரு கையால் மாமியாரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, மறுகையால் கைப்பிறேக்கை இழுத்தாள். செபஸ்தியம்மாவின் வாயில் மாதாவின் பெயர்கூட வரவில்லை. என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை என்று மட்டும் வந்தது.

பெரியசாமி ஓடிவந்து, தோளில் இருந்த மூட்டையைப் பின்சில்லுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பக்கத்தில் பாய்ந்தார். சில்லு மூட்டையில் ஏறியது, மூட்டை வெடித்தது, அரிசி சிதறியது, வண்டி ஒரு பக்கம் சரிந்து நின்றது. மற்றச் சில்லு வாய்க்கால் விளிம்பில் இருந்தது.

ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி, சிதறிய அரிசியில் கால் படாமல் விலகி நின்றார்கள். ஒருவருக்கும் பெரிய காயமில்லை. பாலம்மாவின் முழங்கை உரசியிருந்தது, ஒரு குழந்தை கிடாரத்தில் தலையை இடித்துக்கொண்டு அழுதது. யேசுதாசன் இறங்கி றோட்டோரத்தில் குந்திவிட்டான். இமெல்டா பக்கத்தில் இருந்து அவன் கைகளைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லவில்லையே என்று செபஸ்தியம்மாவுக்குக் கண் கலங்கியது.

ஆண்கள் சேர்ந்து வண்டியை நடு றோட்டுக்குத் தள்ளிச் சில்லுகளுக்குக் கல் வைத்தார்கள். சூடேறிய பிறேக்கை ஆறவிட்டு, வெறும் வண்டியைச் சமதரையில் ஓட்டிப் பார்த்தான் யேசுதாசன். பிடித்தது. பாரத்தோடுதான் அது பிடிக்காது என்றான். பாதிப் பேரையும் சாமானையும் விட்டுவிட்டு மெதுவாகப் போய், திரும்பிவந்து மீதியை ஏற்றுவதாகச் சொன்னான்.

ஆனால் நம்முடைய சனத்தை என்னவென்று சொல்வது? பயம் தெளிந்த கையோடு எல்லோரும் மறுபடி ஏறத் தொடங்கினார்கள். இவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து மாதா காப்பாற்றிவிட்டா, இனிமேல் ஒன்றும் நடக்காது என்பது அவர்கள் கணக்கு. கனகரத்தினம் கதிரையைத் தூசி தட்டி முதல் ஆளாக மேலே தள்ளினார். யேசுதாசன் வேண்டாம் வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் மன்றாடினான். ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் தாயிடம் வந்தான்.

"என்னால ஏலாதம்மா. நீங்கள் சொன்னால்தான் கேப்பினம்."

செபஸ்தியம்மா மகனுடைய முகத்தைப் பார்த்தாள். தண்ணீருக்குள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே முகம். இந்த முகத்தைக் காப்பாற்றித் தந்ததற்காகத்தான் நேத்தி வைத்தாள். இப்போது அந்த நேத்தியைக் கொண்டே இந்த முகத்தை வாய்க்காலில் தள்ளப் பார்த்துவிட்டாள். தறப்பாள் கம்பு ஒன்றை உருவி எடுத்தாள். வண்டியின் பின்பக்கம் போய்க் குறுக்கே நின்றாள்.

பிள்ளைகளும், பிள்ளைக்காரிகளும், நடக்க ஏலாத கிழடுகளும் மட்டும் ஏறலாம், மற்றவர்கள் இறங்கவேண்டும் என்றாள். சனம் சிரித்தது. செபஸ்தியம்மாவாவது இறங்கச் சொல்வதாவது?

"நேத்தி வச்சிருக்கிறியள் எல்லோ, செபஸ்தி" என்று கனகரத்தினம் மேலேயிருந்து நினைவூட்டினார்.

"அந்த நேத்திக்கு நான் மாதாவிட்டப் பதில் சொல்லிக்கொள்ளுவன். நீங்கள் இறங்குங்கோ."

அவர் இறங்கவில்லை. இரண்டு பேர் பக்கவாட்டில் தொற்றி ஏறப் பார்த்தார்கள். அவள் கம்பை நீட்டி அவர்களைத் தடுத்தாள்.

"இடமில்லை. இன்னொராள் ஏறினா எல்லாரும் போயிடுவம்!"

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. அது அவளுடைய சொல் அல்ல. பதின்மூன்று வருஷமாக எவனைத் திட்டினாளோ அவனுடைய சொல், அச்சொட்டாக, அதே குரலில். நீட்டிய கம்புகூட அப்படியே. அவள் இமெல்டா பக்கம் திரும்பினாள். இமெல்டாவுக்கும் அந்த வசனம் மனப்பாடம், இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமியார் சொல்லிக் காட்டியதுதானே. மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். செபஸ்தியம்மா கம்பை இறக்கவில்லை. எல்லோரும் இறங்குமட்டும் அப்படியே நின்றாள்.

பாதிப் பாரத்தோடு வண்டி ஏற்றத்தில் ஆறுதலாக ஏறிக் கண்ணுக்கு மறைந்தது. பாலம்மாவையும் அதில் ஏற்றிவிட்டார்கள். பெரியசாமி மண்ணில்லாத அரிசியைத் துண்டில் அள்ளிக் கட்டினார். அவருடைய நேத்தி பாழாகிவிட்டதே என்று செபஸ்தியம்மா வருந்தினாள்.

"போகுதுங்கம்மா. மாதாவுக்குக் கோயில்ல குடுத்தா என்ன, சில்லுக்கடியில குடுத்தா என்ன" என்றார் அவர்.

கனகரத்தினம் மருதமர நிழலில் தன் கதிரையை விரித்து நீதவான்போல் சாய்ந்துகொண்டு, முகத்தைக் குளத்துப் பக்கம் திருப்பிவைத்தார். அவருக்கு இன்னும் கோபம்.

மாமியாரும் மருமகளும் குளக்கட்டில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தார்கள். செபஸ்தியம்மா பொரித்த மீனின் நடுத்துண்டை இமெல்டாவின் பக்கம் தள்ளினாள். பிறகு வெகுநேரம் சாப்பிடாமல் கையால் சோற்றை அளைந்துகொண்டிருந்தாள்.

"உன்ரை அப்பாவை நான் சும்மா திட்டிப்போட்டன் பிள்ளை" என்றாள்.

இமெல்டா நிமிர்ந்து பார்த்தாள்.

"வள்ளக்காரனுக்குத்தானே வள்ளத்தின்ரை பாரம் தெரியும். எனக்கு அண்டைக்கு என்ரை பிள்ளை மட்டும்தான் தெரிஞ்சது. அவருக்கு வள்ளத்தில இருந்த எல்லாற்றை பிள்ளையளும் தெரிஞ்சிருக்கும். நீயும் அதுக்குள்ள இருந்தனிதானே."

இமெல்டா அழுதாள். அழுதுகொண்டே, அப்பா வள்ளம் ஓடிய அந்த இரவைப் பற்றி வீட்டில் பேசுவதே இல்லை என்றாள். ஒரு நாளும் பேசியதில்லை. அம்மா கேட்டால்கூட எழும்பி வெளியே போய்விடுவாராம். கலியாணப் பேச்சு வந்தபோது, மாப்பிள்ளையின் தாய் யார் என்று தெரிந்த நாளில் மட்டும், சாப்பிடாமல் கடற்கரையில் போய் இருந்தாராம்.

செபஸ்தியம்மா முந்தானையால் அந்தப் பிள்ளையின் கண்ணைத் துடைத்தாள். இன்றைக்கே உன் தகப்பனைக் கண்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கொட்டிலிலும் ஒன்றாகவே தங்குவோம் என்றாள். சொன்னதும் உடம்பில் இருந்து பெரிய மூட்டை ஒன்றை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது சத்தம் கேட்டது. பிக்கப் இல்லை. மோட்டார் சைக்கிள் ஒன்று தனியாக வந்தது. அதில் வந்தவர் பாவிலு.

அவர் சற்றுத் தள்ளியே நிறுத்தி இறங்கினார். மகளைப் பார்த்துத்தான் பேசினார். எல்லோரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள், ஆனால் போய் நின்ற இடத்தில் பின் ஸ்பிறிங் முறிந்துவிட்டது, இன்றைக்கு வண்டி அசையாது, இவர்களை ஏற்ற உழவு இயந்திரம் ஒன்று பின்னால் வருகிறது, பயந்துவிடக்கூடாதென்று முன்னுக்குச் சொல்ல வந்தேன் என்றார். காற்சட்டை முழுக்கப் புழுதி. தலை நன்றாக நரைத்திருந்தது. கலியாண வீட்டில்கூட அவர் முகத்தை நேரே பார்க்காத செபஸ்தியம்மா இப்போதுதான் அதைக் கண்டாள். இந்த மனிசனுக்கும் வயது போய்விட்டதே என்றிருந்தது.

அவள் எழும்பி, சேலையைத் தட்டிச் சரிசெய்துகொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"சம்மந்தி, இண்டைக்கு நானும் ஆக்களை இறக்கிவிட்டனான். நீங்கள் அண்டைக்குச் சொன்ன அதே சொல்லைத்தான் சொன்னனான். பாரம் எண்டால் என்னெண்டு இப்பதான் எனக்கு விளங்கினது. நான் உங்களைத் திட்டினதெல்லாத்தையும் மறந்துபோடுங்கோ."

இமெல்டா தகப்பனைப் பார்த்தாள். பாவிலு குளத்தைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். சரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், பதின்மூன்று வருஷம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். அவருடைய உதடு அந்தச் சொல்லுக்குத்தான் தயாரானதுபோல் இருந்தது. ஆனால் அவள் கை கூப்பி நிற்பதைக் கண்டதும் அவரால் முடியவில்லை.

"கையை இறக்குங்கோ, சம்மந்தி" என்றார் பாவிலு. "அண்டைக்கு வள்ளத்தில இடம் இருந்தது."